சிபி ரேடியோ மக்கர் பண்ணுகிறதா? அறிகுறியைப் பிடித்துப் பழுதுக்குப் போகும் வழி

ட்ரக் ஸ்டாப்பில் தெரிந்த பையன் யாராவது வந்து, "அண்ணே, சிபி செத்துப்போச்சு, புதுசா எது வாங்கலாம்?" என்று கேட்டால் நான் ரேடியோவைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை (சிபி என்றால் ட்ரக்காரர்கள் வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் சிட்டிசன்ஸ் பேண்ட் ரேடியோ). நேராக வண்டியின் பக்கக் கண்ணாடிக்குப் போய், ஆன்டெனாவின் அடியைத்தான் பார்ப்பேன். பழுது பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். ரேடியோ கேபினுக்குள் பத்திரமாக இருக்கிற பெட்டி. மழை, பனி, சாலையில் தூவும் உப்பு, தாழ்ந்த மரக்கிளை, வண்டி கழுவும் பிரஷ் என்று எல்லாவற்றிடமும் அடி வாங்குவது வெளியே நிற்கும் ஆன்டெனாவும் அதற்குப் போகும் கேபிளும்.

அமெரிக்கா, கனடா நெடுஞ்சாலைகளில் ஓட்டுகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இங்கே சிபிக்கு 40 சேனல்கள். முதல் சேனல் 26.965 மெகாஹெர்ட்ஸ், கடைசி 27.405. ட்ரக்காரர்கள் கூடுவது 19. மேற்குக் கரையில் ஐ-5 நெடுஞ்சாலைப் பக்கம் போனால் 17-இலும் பேச்சு கேட்கும். அவசரத்துக்கு 9. தனி உரிமம் தேவையில்லை, ஆனால் ஏ.எம்.மில் 4 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. 4 வாட் என்பது ஒரு சின்ன பல்பு. அது ஆன்டெனாவுக்குப் போகும் வழியில் சிந்தினால், வெளியே போக ஒன்றும் மிஞ்சாது. கீழே சொல்லப்போகும் முக்கால்வாசிக் கதை இந்தச் சிந்தலைப் பற்றியதுதான்.

மல்டிமீட்டர் ஒன்று, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் (ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் சக்தியைக் காட்டுவது) ஒன்று, அதை இணைக்க 3 அடி ஜம்பர் கேபிள், ஸ்பேனர், கொஞ்சம் உப்புத்தாள். இவ்வளவு போதும். தொடங்கும் முன் ஒரே ஒரு எச்சரிக்கை: ஆன்டெனா கேபிள் கழன்றிருக்கும்போது மைக் பட்டனை அமுக்காதீர்கள். போக இடமில்லாத சக்தி ரேடியோவுக்கே திரும்பி வந்து, கடைசி டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும்.

சுவிட்சைப் போட்டால் விளக்கே எரியவில்லை

ஃப்யூஸைப் பாருங்கள். ரேடியோவின் சிவப்பு வயரில் ஒரு சின்னக் குழல் மாதிரி இருக்கும், அதற்குள் 2 அல்லது 3 ஆம்பியர் ஃப்யூஸ். கண்ணால் பார்த்து நல்லதாகத் தெரிந்தாலும் மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள், மூடிக்குக் கீழே அறுந்திருப்பது வெளியே தெரியாது. புது ஃப்யூஸ் போட்டவுடன் அதுவும் போகிறதென்றால் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருக்கிறது. ரேடியோவுக்குள் இருக்கும் பாதுகாப்பு டயோடு தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். பெரிய ஃப்யூஸ் போட்டு அதை ஏமாற்றப் பார்க்காதீர்கள், புகை வரும்.

சிகரெட் லைட்டர் பிளக்கில் சொருகி ஓட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும் தொல்லை. குலுங்கலில் பிளக் கழன்று கழன்று மாட்டும். டேஷ்போர்டிலோ தலைக்கு மேல் இருக்கும் சிபி தட்டிலோ சிவப்பும் கறுப்புமாக இரண்டு திருகு முனைகள் பல வண்டிகளில் கம்பெனியிலேயே வைத்திருப்பார்கள். அதில் மாட்டினால் பிரச்சனை தீர்ந்தது.

விளக்கு எரிகிறது, ஆனால் சத்தமே இல்லை

இதில் சிரிக்க ஒரு விஷயம் உண்டு. ரேடியோ முகப்பில் "சிபி / பி.ஏ." என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். பி.ஏ. என்றால் வெளியே ஒலிபெருக்கி மாட்டிக் கத்துவதற்கு. துடைக்கும்போது துணி பட்டு அது பி.ஏ.வுக்குப் போய்விட்டால் ரேடியோ ஊமை, செவிடு இரண்டும் ஆகிவிடும். இந்தச் சுவிட்சை ஒரு தட்டுத் தட்டி "ரிப்பேர்" செய்து கொடுத்து நான் காபி வாங்கிக் குடித்திருக்கிறேன்.

அது சரியாக இருந்தால், இரைச்சலை அடைத்து வைக்கும் ஸ்குவெல்ச் திருகை இடது பக்கம் முழுக்கத் திருப்புங்கள். உஸ்ஸென்று இரைச்சல் வந்தால் ரேடியோவின் காது நன்றாக இருக்கிறது, ஸ்குவெல்ச்தான் அடைத்து வைத்திருந்தது. இரைச்சல் நிற்கும் இடம் வரை மெதுவாக வலது பக்கம் திருப்பி, அங்கேயே விடுங்கள். அதற்கு மேல் போனால் தூரத்துக் குரல்கள் அடைபடும். ரேடியோவின் காது எவ்வளவு கூர்மை என்று வைக்கும் ஆர்.எஃப். கெயின் என்ற திருகு இருந்தால் அது முழுக்க வலது பக்கம் இருக்க வேண்டும். ட்ரக் ஸ்டாப்பில் பக்கத்து வண்டிக்காரர் காதைக் கிழித்தால் மட்டும் குறைக்கலாம், குறைத்ததை மறந்துவிட்டு சாலையில் ஏறுவதுதான் வம்பு.

இரைச்சலும் வரவில்லையென்றால் பின்பக்கம் வெளி ஸ்பீக்கர் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். அந்தத் துளையில் ஏதாவது சொருகியிருந்தால் உள் ஸ்பீக்கர் தானாக நின்றுவிடும். வெளி ஸ்பீக்கர் வயர் அறுந்திருந்தால் இரண்டும் இல்லாமல் போகும்.

எல்லாரும் குழறிக் குழறிப் பேசுவது போல் கேட்கிறது

புது செட் வாங்கியவர்களுக்கு வரும் நோய். 2021-இல் அமெரிக்காவில் ரேடியோ விதிகளைப் போடும் அரசு அமைப்பான எஃப்.சி.சி. சிபியில் எஃப்.எம்.முக்கும் அனுமதி கொடுத்த பிறகு, பல செட்களில் ஏ.எம்., எஃப்.எம். என்று மாற்றும் பட்டன் வருகிறது. 19-இல் எல்லாரும் இன்னும் ஏ.எம்.தான். பட்டனை ஏ.எம்.முக்கு மாற்றுங்கள். சிங்கிள் சைடுபேண்ட் (ஏ.எம்., எஃப்.எம். மாதிரி இன்னொரு மோடு) உள்ள செட்டிலும் இதே கதை, வாத்து கத்துவது போல் கேட்டால் மோடு மாறியிருக்கிறது.

எனக்குக் கேட்கிறது, நான் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை

பட்டனை அமுக்கும்போது ரேடியோவில் அனுப்பும் விளக்கு எரிகிறதா, மீட்டர் முள் எழுகிறதா என்று பாருங்கள்.

எரியவில்லையென்றால் மைக் வயர். சுருள் வயர் மைக்குக்குள் நுழையும் இடத்திலோ பிளக்கின் கழுத்திலோ அறுந்திருக்கும். பட்டனை அமுக்கிக்கொண்டே வயரை அந்த இடங்களில் வளைத்துப் பாருங்கள், ஒரு கோணத்தில் விளக்கு சிமிட்டினால் பழுது கையில் மாட்டியது. வேறு மைக் வாங்கும்போது பிளக் 4 முனை என்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். முனைகள் நான்கே ஆனாலும் எந்த முனையில் எந்த வயர் என்பது செட்டுக்கு செட் மாறும். செட்டின் பெயரைச் சொல்லி அதற்கானதை வாங்க வேண்டும்.

விளக்கு எரிகிறது, ஆனாலும் குரல் போகவில்லை என்றால் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

எஸ்.டபிள்யூ.ஆர். அதிகம்

ஆன்டெனாவுக்கு அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் கணக்குதான் எஸ்.டபிள்யூ.ஆர். 1.5 என்றால் சுமார் 4 சதவீதம் திரும்புகிறது, கவலையே வேண்டாம். 2 என்றால் 11 சதவீதம், ஓட்டலாம். 3 என்றால் கால்வாசி திரும்பி வருகிறது, பேசுவதை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டிய அளவு.

அளப்பதற்கு வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். பக்கத்தில் இன்னொரு டிரெய்லரோ கட்டடமோ இருந்தால் அளவு பொய் சொல்லும். கதவுகளை மூடுங்கள். ரேடியோவுக்கும் ஆன்டெனா கேபிளுக்கும் நடுவே மீட்டரை மாட்டி, சேனல் 1-க்குப் போய், யாரும் பேசவில்லை என்று உறுதி செய்துகொண்டு பட்டனை அமுக்குங்கள். மீட்டரின் அளவுத்திருகைத் திருப்பி முள்ளை "செட்" கோட்டில் நிறுத்தி, சுவிட்சை மாற்றி அளவைப் படியுங்கள். இதையே 19-இலும் 40-இலும் செய்யுங்கள். கோப்ரா 29 எல்டிடி கிளாசிக் மாதிரி சில செட்களில் இந்த மீட்டர் உள்ளேயே இருக்கிறது, அது போதும்.

மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். 1-இல் 2.2, 19-இல் 1.7, 40-இல் 1.3 என்று வந்தால் ஆன்டெனா கட்டை, நீட்ட வேண்டும். தலைகீழாக வந்தால் நீளம், குறைக்க வேண்டும். நான் மனதில் வைத்திருக்கும் வாய்பாடு: ஒன்றில் கூடினால் நீட்டு, நாற்பதில் கூடினால் வெட்டு. "வெட்டு" என்றவுடன் கட்டரை எடுக்காதீர்கள். நுனியில் திருகு உள்ள ஆன்டெனா என்றால் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருகி, மறுபடி அளக்க வேண்டும். உருவி ஏற்றி இறக்கும் கம்பி என்றால் சின்ன ஆலன் திருகைத் தளர்த்தி நகர்த்த வேண்டும். இரட்டை ஆன்டெனா என்றால் இரண்டையும் ஒரே அளவுக்கு.

மூன்று சேனலிலும் முள் 3-ஐத் தாண்டி எகிறினால் நீளத்தைத் தொடாதீர்கள். அது டியூனிங் பிரச்சனை அல்ல. ஷார்ட், அறுந்த கேபிள், எர்த் இல்லாமை, இந்த மூன்றில் ஒன்று.

ஷார்ட் எப்படி வருகிறது என்று நான் கற்றுக்கொண்டது வயோமிங்கில். ஐ-80-இல் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவே காற்று வண்டியைப் படுக்க வைக்கப் பார்க்கும் ஒரு நீட்சி உண்டு. முன்னால் யார் கவிழ்ந்து கிடக்கிறார் என்று 19-இல்தான் முதலில் வரும். அங்கே போய் என் ரேடியோ ஊமையானது. புது செட் வாங்கினேன், அதுவும் ஊமை. ஒரு கடையில் மாட்டிக் கொடுத்த ஆன்டெனா அது. டார்ச் அடித்து, பிராக்கெட்டைக் கழற்றினேன். ஆன்டெனா நிற்கும் தண்டு பிராக்கெட்டின் ஓட்டைக்குள் நுழைகிற இடத்தில், தொப்பி மாதிரி விளிம்பு வைத்த ஒரு வெள்ளை நைலான் வாஷர் இருக்கும். அந்த விளிம்பு ஓட்டைக்குள் இறங்கி, தண்டு பிராக்கெட்டில் படாமல் காக்க வேண்டும். என்னுடையதில் வாஷரைத் தலைகீழாகப் போட்டு, ஸ்பேனரால் இறுக்கி, அது நசுங்கி ஒரு பக்கம் கிழிந்திருந்தது. தண்டு பிராக்கெட்டை முத்தமிட்டுக்கொண்டிருந்தது. அந்த இத்துனூண்டு நைலான் வளையத்துக்காக நான் ஒரு நல்ல ரேடியோவைக் குற்றவாளியாக்கியிருக்கிறேன்.

சோதிப்பது எளிது. ஆன்டெனாவைத் தண்டிலிருந்து திருகிக் கழற்றுங்கள். ரேடியோ பக்கம் கேபிளைக் கழற்றி, அதன் நடுஊசிக்கும் வெளி வளையத்துக்கும் மல்டிமீட்டர் வையுங்கள். எதுவும் காட்டக்கூடாது. தொடர்பு காட்டினால் ஷார்ட். ஆன்டெனாவோடு சேர்த்து அளந்து பயந்துவிடாதீர்கள், சில ஆன்டெனாக்களின் உள்சுருளே மீட்டருக்கு ஷார்ட்டாகத் தெரியும். அடுத்து நடுஊசியிலிருந்து மேலே தண்டுக்கு அளவெடுங்கள், அங்கே தொடர்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் கேபிள் அறுந்திருக்கிறது. கதவு இடுக்கில் நசுங்கிய இடத்தைத் தேடுங்கள். கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கிப் பின்னல் கம்பி கறுத்துப் பச்சை பூத்திருந்தால் கேபிளை மாற்றத்தான் வேண்டும், துடைத்துப் பயனில்லை.

இனி எர்த். ஆன்டெனா பாதி, வண்டியின் உலோக உடம்பு மீதிப் பாதி. கண்ணாடி பிராக்கெட் இரும்பாக இருப்பதால் எர்த் இருக்கும் என்று நினைப்பதுதான் பெரிய ஏமாற்றம். இப்போதைய வண்டிகளில் கண்ணாடிக் கை பிளாஸ்டிக் உறைக்குள்ளோ ரப்பர் வைத்தோ நிற்கிறது, கேபினே ஃபைபர் அல்லது அலுமினியம். பிராக்கெட்டிலிருந்து சேஸிஸின் வெறும் இரும்புக்கு மல்டிமீட்டர் வையுங்கள். ஒரு ஓமுக்கு மேல் காட்டினால் பெயின்ட்டைச் சுரண்டி, பட்டையான பின்னல் எர்த் வயர் ஒன்றை முடிந்தவரை குறுகிய வழியில் இழுத்து இறுக்குங்கள். இதைச் செய்தவுடன் 3-இல் இருந்த முள் 1.6-க்கு இறங்குவதைப் பார்த்தால் கொஞ்சம் கோபமே வரும், இதற்காகவா இத்தனை நாள் என்று.

இரட்டை ஆன்டெனாக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. ஒய் வடிவத்தில் பிரியும் அந்தக் கேபிள் 75 ஓம் ஆர்ஜி-59, ஒவ்வொரு கையும் 18 அடி. மிச்சமாகத் தொங்குகிறதே என்று வெட்டிவிடாதீர்கள். சிபி அலைக்கு அந்தக் கேபிளுக்குள் கால் அலைநீளம் சுமார் 6 அடி, அதன் மூன்று மடங்குதான் 18. அந்த நீளத்தில்தான் இரண்டு ஆன்டெனாவும் சேர்ந்து ரேடியோவுக்கு 50 ஓமுக்குப் பக்கத்தில் தெரியும். மிச்சத்தைப் பெரிய எட்டு வடிவத்தில் தளர்வாக மடித்துக் கட்டுங்கள். ஒற்றை ஆன்டெனாவுக்கு இந்த நீளக் கட்டாயம் கிடையாது, அதற்கு ஆர்ஜி-58 அல்லது ஆர்ஜி-8எக்ஸ் 50 ஓம் கேபிள். ஒற்றைக்கு 59-ஐ மாட்டிவிட்டு எஸ்.டபிள்யூ.ஆர். இறங்கவில்லை என்று தவிப்பவர்களும் உண்டு.

சில வண்டிகளில் ஏ.எம்., எஃப்.எம்., சிபி எல்லாவற்றுக்கும் ஒரே ஆன்டெனா வைத்து, நடுவே ஒரு பிரிப்பான் பெட்டி வைத்திருப்பார்கள். மேலே சொன்ன எதுவும் சரிப்படவில்லையென்றால் அந்தப் பெட்டியைச் சந்தேகியுங்கள். என் யோசனை, அதோடு மல்லுக்கட்டாமல் சிபிக்குத் தனிக் கேபிள் இழுத்துவிடுவது.

எஞ்சின் ஓடினால் இரைச்சல்

எஞ்சினை ஓடவிட்டு, ரேடியோவின் பின்னால் ஆன்டெனா கேபிளைக் கழற்றுங்கள் (பட்டனில் கை வைக்காதீர்கள்). இரைச்சல் அப்படியே இருந்தால் அது மின் வயர் வழியாக வருகிறது. நின்றுவிட்டால் ஆன்டெனா வழியாக. இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும்.

மின் வயர் வழி என்றால், குறிப்பாக ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க "ஙொய்ங்" என்று ஏறும் சத்தம் என்றால், அது ஆல்டர்னேட்டர். ரேடியோவுக்கு நேராக பேட்டரியிலிருந்தே தடித்த வயர் இழுங்கள், சிவப்பில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் வைத்து. தீராவிட்டால் அந்த வயரில் ஒரு ஃபில்டர்.

ஆன்டெனா வழி என்றால் கேபினுக்குள்ளேதான் திருடன் இருப்பான். ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள்: டேஷ்கேம், யூஎஸ்பி சார்ஜர், இன்வெர்ட்டர், ஃப்ரிட்ஜ், பிறகு வாங்கி மாட்டிய எல்இடி விளக்குகள். மலிவு சார்ஜர்தான் அதிகம் மாட்டும். அதை மாற்ற மனமில்லையென்றால் அதன் வயரில் ஃபெரைட் வளையத்தைக் கவ்வ வையுங்கள். டக்டக்கென்று வெட்டி வெட்டி வரும் இரைச்சலுக்கு ரேடியோவில் இருக்கும் என்.பி. (நாய்ஸ் பிளாங்கர்) சுவிட்ச் உதவும். ஆனால் அது மருந்து மாத்திரை மாதிரிதான், காரணத்தைப் போக்காது.

அரை மைலுக்கு மேல் போகவில்லை

எஸ்.டபிள்யூ.ஆர். நன்றாக இருந்தும் தூரம் போகவில்லையென்றால் ஆன்டெனா நிற்கும் இடத்தைப் பாருங்கள். நுனி கேபின் கூரைக்கு மேலே தெரிய வேண்டும். கூரைக்குக் கீழே நின்றால் ஒரு பக்கம் கேபினும் பின்னால் டிரெய்லரும் மறைத்துவிடும். சிபியின் அலைநீளம் 11 மீட்டர், முழுசான கால் அலை ஆன்டெனா என்றால் 9 அடி. நாம் வைக்கும் 4 அடி ஆன்டெனாவுக்குள் மீதியைச் சுருளாகச் சுற்றி அடைத்திருக்கிறார்கள். அந்தச் சுருள் நுனிப்பக்கம் இருக்கும் ஆன்டெனாவே கண்ணாடிக்கு ஏற்றது.

இரட்டை ஆன்டெனா வைத்தால் இரண்டு மடங்கு தூரம் என்பது கட்டுக்கதை. இரண்டுக்கும் நடுவே 9 அடியாவது இருந்தால் முன்னும் பின்னும் கொஞ்சம் கூடும், பக்கவாட்டில் குறையும். சாலையில் அது நல்லதுதான். ஆனால் ஒழுங்காக எர்த் செய்த ஒற்றை ஆன்டெனா, அரைகுறை இரட்டையை அடித்துப்போடும்.

ஆம்ப்ளிஃபையர் வைத்துக்கொள்ளச் சொல்லுபவர்கள் உண்டு. சிபியில் அது சட்டவிரோதம். அது ஒரு பக்கம் இருக்கட்டும், வாய் பெரிதாகுமே தவிர காது வளராது. மூன்று மைலுக்கு அப்பால் இருப்பவருக்கு நீங்கள் கேட்பீர்கள், அவர் சொல்லும் பதில் உங்களுக்குக் கேட்காது.

பக்கத்து வண்டி கேட்கவில்லை, எங்கேயோ இருப்பவர் கேட்கிறார்

இது பழுதே இல்லை. சூரியப் புள்ளிகள் கூடும் ஆண்டுகளில் 27 மெகாஹெர்ட்ஸ் அலைகள் அயனி மண்டலத்தில் பட்டு, ஆயிரம் மைல் தாண்டி இறங்கும். பகலில் 19 முழுக்கச் சந்தைக்கடையாக இருக்கும், 6-இல் கேட்கவே வேண்டாம். ஆர்.எஃப். கெயினைக் கொஞ்சம் குறைத்து, ஸ்குவெல்ச்சைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். இருட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

குரல் கரகரக்கிறது என்கிறார்கள்

மைக்கை வாயிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தள்ளிப் பிடியுங்கள். மைக் கெயினை முழுக்க ஏற்றியிருந்தால் இறக்குங்கள். பவர் மைக் (குரலைப் பெருக்கி அனுப்பும் மைக்) வைத்திருந்தால் அதன் பேட்டரியைப் பாருங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, ரேடியோதான் போயிருக்கிறது

உறுதி செய்ய ஐந்து நிமிட வேலை: உங்கள் ரேடியோவை நண்பர் வண்டி ஆன்டெனாவில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் ஊமை என்றால் சரி, வாங்கலாம்.

முதலில் தட்டின் ஆழத்தை அளந்து கொண்டுபோங்கள், பின்னால் கனெக்டருக்கு 3 அங்குலம் விட்டு. ஸ்பீக்கர் பல செட்களில் அடிப்பக்கம் இருக்கிறது, தட்டில் உட்கார வைத்தால் சத்தம் அமுங்கிவிடும், வெளி ஸ்பீக்கர் சேர்த்து வாங்க வேண்டி வரும். மைக் துளை முன்பக்கம் இருக்கட்டும், பக்கவாட்டில் இருந்தால் தட்டுக்குள் நுழையாது. ஆர்.எஃப். கெயின், என்.பி., எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர், வானிலை சேனல், இரவில் விளக்கை மங்கலாக்கும் வசதி, இவை இருந்தால் போதும். சைடுபேண்ட்டில் 12 வாட் வரை அனுமதி என்று ஆசை காட்டுவார்கள். எதிரே இருப்பவரிடமும் அது இருந்தால்தான் பயன், 19-இல் அப்படி யாரும் இல்லை. "திறந்து டியூன் செய்து சக்தி கூட்டித் தருகிறேன்" என்பவரிடம் புது செட்டைக் கொடுக்காதீர்கள். பக்கத்து சேனல்களிலெல்லாம் உங்கள் குரல் வழியும், செட்டும் சீக்கிரம் போகும். மிச்சமாகும் பணத்தை ஆன்டெனாவிலும் கேபிளிலும் போடுங்கள்.

மாட்டி, மூன்று சேனலிலும் அளந்து முடித்ததும் சமதளமான சாலையில் 19-இல் ஒரு ரேடியோ செக் கேளுங்கள். எதிர்த்திசையில் போகிறவர் பதில் சொன்னால், இருவரும் ஒருவரையொருவர் தாண்டும்போது மைல் மார்க்கரைக் குறித்துக்கொண்டு, பேச்சு தேயும் வரை பேசிக்கொண்டே போங்கள். ஆளுக்கு 65-இல் போனால் நிமிடத்துக்கு இரண்டு மைலுக்கு மேல் விலகுகிறீர்கள், அதனால் கடிகாரமும் உதவும். வந்த தூரத்தைத் தேதி போட்டு, அந்த மூன்று எஸ்.டபிள்யூ.ஆர். எண்களுக்குப் பக்கத்தில் எழுதி சன்வைசரில் சொருகி வையுங்கள். அடுத்த பனிக்காலம் முடிந்து மறுபடி சந்தேகம் வரும்போது, முதலில் எடுக்க வேண்டியது அந்தத் தாள்.